எப்பவாச்சும்தான்!

உங்களிடம் ஒரு கேள்வி. பத்துத் தடவை சாவியைத் திருப்பினால் ஒன்பது தடவை ஸ்டார்ட் ஆகிற கார், நல்ல காரா, கெட்ட காரா?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். எனக்கு இதற்குப் பதில் கிடைக்க ஆறு மாதம் ஆனது.

என்னிடம் இருப்பது 2008 மாடல் சின்னக் கார். காலையில் சமர்த்தாகக் கிளம்பும். சாயங்காலம் ஆபீஸ் வாசலிலும் பிரச்னை இல்லை. வரும் வழியில் பழக்கடையில் நிறுத்தி, ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால், 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால், எதுவுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பும். இதுவும் தினமும் கிடையாது. மாதத்தில் இரண்டு, மூன்று நாள்.

மெக்கானிக்கிடம் போனால்? பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பல்வலி நின்றுவிடுமே, அதே கதைதான். "ஜம்முனு ஸ்டார்ட் ஆவுதே சார்!" என்பார்கள். ஆனாலும் என் திருப்திக்காக ஒருவர் பேட்டரியை மாற்றினார். இன்னொருவர் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். இரண்டு முறையும் கார் சரியானது. அதாவது, பத்து நாளைக்கு. ஒன்றுமே மாற்றாமல் விட்டிருந்தாலும் அது பத்து நாள் ஒழுங்காக ஓடியிருக்கும்! விட்டுவிட்டு வரும் கோளாறின் விசேஷமே இதுதான். எந்த வைத்தியம் செய்தாலும் பலித்த மாதிரியே இருக்கும்.

மூன்றாவதாக ஒரு பெரியவர். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"வண்டி மக்கர் பண்றப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன். நீங்கதான் இருப்பீங்க. ஒரு நோட்டுப் போடுங்க. இன்ஜின் சூடா இருந்துச்சா, என்ன சத்தம் வந்துச்சு, ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு சாவியைத் திருப்புனா லைட்டு மங்குச்சா... எல்லாத்தையும் எழுதுங்க."

லைட் சுத்தமாக மங்கினால் பேட்டரி மீதோ அதன் இணைப்பு மீதோ சந்தேகம். லைட் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், கோளாறு செல்ஃப் மோட்டாரிலோ அதற்கான ஒயர்களிலோ. எளிய பரிசோதனைதான். ஆனால், வண்டி மக்கர் செய்யும் அந்த நிமிஷத்தில் மட்டுமே செய்ய முடியும்.

மூன்று தடவை எழுதினேன். அப்புறம் வழக்கமான சோம்பல். வித்துத் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வாங்க வந்தவருக்கு முப்பது வயசு இருக்கும். "அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ் சார். ஆட்டோவுல கூட்டிட்டுப் போறது கஷ்டமா இருக்கு" என்றார். அவர் முன்னால் கார் நான்கு தடவை ஸ்டார்ட் ஆனது. நான்கும் முதல் திருப்பிலேயே.

நான் பி.காம். படித்தவன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 17 ஞாபகத்துக்கு வந்தது. வெறுமனே சொல்லாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. அதற்கு உதாரணமாக ஒரு குதிரை வரும். ஏலத்தில் குதிரை விற்பவனுக்கு அதன் குறை தெரியும், வாய் திறக்கவில்லை, அது மோசடி அல்ல. வாங்குகிறவன் ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும். ஆஹா, நமக்கு வேண்டிய குதிரை!

கிளம்பும்போது அவர் கேட்டார்: "வேற ஒண்ணும் பிரச்னை இல்லையே சார்?"

"பேட்டரி புதுசு" என்றேன்.

உண்மைதான். பில்கூட இருக்கிறது. ஆனால், நான் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய்களில் அது ஒன்று. ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி மனைவி கேட்டாள்: "காலைல ஆறு மணிக்கு ட்ரெயினாச்சே... ஸ்டேஷனுக்கு எதுல போறீங்க?"

"டாக்ஸி சொல்லிட்டேன்."

"ஏன், கார்தான் நல்லா இருக்கே?"

தூக்கம் வரவில்லை. அதே பிரிவு 17-ல் இன்னொரு குதிரையும் உண்டு. நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே எடுத்துக்கொள்வேன் என்கிறான் வாங்குகிறவன். விற்கிறவன் மௌனம் சாதிக்கிறான். அங்கே மௌனம் பேச்சுக்குச் சமம். பரீட்சைக்கு இரண்டு குதிரையையும்தான் படித்தேன். தேவைப்பட்டபோது முதல் குதிரை மட்டும் ஞாபகம் வந்தது!

'கோளாறு என்னன்னு எனக்கே தெரியாதே, தெரியாததை எப்படிச் சொல்றது?' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. காரணம் தெரியாது, சரி. நடந்தது தெரியுமே! அவர் என்னிடம் கேட்டது மெக்கானிக்கின் தீர்ப்பை அல்ல, சாட்சியை.

டயர் தேய்ந்திருந்தால் குனிந்து பார்க்கலாம். பெயின்ட் உரிந்திருந்தால் கண்ணில் படும். அங்கே வாங்குகிறவரின் ஜாக்கிரதை உதவும். எப்பவாச்சும் வருகிற கோளாறு, எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரருக்கும் அரை மணி நேரத்தில் பிடிபடாது. கூட இருந்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு மட்டுமே தெரியும் என்பதாலேயே, சொல்லவேண்டிய கடமையும் அவருடையதாகிவிடுகிறது.

கார் மட்டுமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீட்டை மே மாத வெயிலில் காட்டி விற்பதும், "பையன் எப்பவாச்சும்தான் குடிப்பான், அதைப் போய் எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்று பெண் வீட்டில் பேச்சை மாற்றுவதும் இதே ரகம்தானே? 'எப்பவாச்சும்தான்' என்பது நமக்கு ஆறுதல். அந்த 'எப்பவாச்சும்' எந்த நாளில் வரும் என்பதுதான் எதிராளியின் கவலை. டயாலிசிஸ் நாளில் வந்தால்?

விடிந்ததும் ரயில்வே பிளாட்பாரத்தில் இருந்து போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவரிடமிருந்து பேச்சே இல்லை.

"நேத்து நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். வாரக் கடைசியில் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

நோட்டை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். மூன்று நாளும் ஒரே மாதிரி: இன்ஜின் சூடு, 'டிக்' சத்தம், லைட் பளிச். படித்துவிட்டு, "வண்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார். இரண்டாம் நாள் அவர் கையிலேயே மக்கர் செய்தது. பேட்டரியின் நெகட்டிவில் இருந்து இன்ஜினுக்கு ஒரு தடி ஒயரைப் பிடித்தார். உடனே ஸ்டார்ட்! இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் எர்த் ஒயர், போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. துருவைச் சுரண்டி, புது ஒயர் போட்டார். செலவு சில நூறு ரூபாய்.

வாங்க வந்தவருக்குப் போன் செய்து, "வண்டி சரியாயிடுச்சு, எடுத்துக்கறீங்களா?" என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது? 'பேட்டரி புதுசு' என்று சொன்ன அதே வாய்தானே?

கார் இப்போது பத்துக்குப் பத்து. ஓட்டுகிறவன்தான் மக்கர் பண்ணுகிறான். எப்பவாச்சும்தான்.