பெயர்வோன் முன்னறியத்தக்கது யாது?

ஒரு நாட்டை நீங்கி மற்றொரு நாட்டிற்குக் குடிபெயர எண்ணும் ஒருவன் எவற்றையெல்லாம் முன்னதாக அறிந்திருத்தல் வேண்டும் என்ற வினாவிற்கு விடை கூறுதல் எளிது போலத் தோன்றும். அங்கே கூலி எவ்வளவு, குடியிருக்க வீடு உண்டா, பிள்ளைகள் எம்மொழியிற் கற்பர், நோயுற்றால் யார் பார்ப்பர் என்று ஒரு பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். ஆயின் இவ்வினாவினுள்ளே அறவியல் சார்ந்த வேறொரு வினாவும் உறைந்து கிடக்கின்றது. போதிய அறிவின்றி ஒருவன் செய்யும் தெரிவு உண்மையில் அவனுடைய தெரிவாகுமா? ஆகாதெனின், அதன் விளைவுகளுக்குப் பொறுப்பாளர் யாவர்?

மேலைத்தேய மெய்யியலில் இவ்வினா மிகப் பழையது. பிளேட்டோவின் 'கிரீட்டோ' என்னும் உரையாடலிற் சிறையிலிருந்து தப்பியோட மறுக்கும் சோக்கிரதீசின் முன் ஏதென்சு நகரின் சட்டங்களே உருவெடுத்து வந்து வாதிடுகின்றன. நகரின் நடைமுறைகளைக் கண்டறிந்த பின்னரும் அவற்றை விரும்பாதவன் தன் உடைமைகளோடு எங்கு வேண்டுமாயினும் போகலாம். போகாது தங்கியவனோ அவற்றுக்கு உடன்பட்டவனாவான் என்பது அவற்றின் வாதம். எழுபது வயது நிரம்பிய சோக்கிரதீசு தம் நகரை நன்கறிந்தவர். தெசலிக்கு ஓடினால் அங்கே அவருக்குக் கிட்டக்கூடிய வாழ்வு எத்தகையது என்பதையும் சட்டங்கள் எடுத்துரைக்கத் தவறவில்லை. தங்குவதன் பொருளும் போவதன் பொருளும் அவருக்குத் தெரிந்திருந்தன. இவ்வாதத்தின் வலிமை முழுவதும் அவ்விரட்டை அறிவிலேயே தங்கியுள்ளது எனலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஜோன் லொக் இவ்வாதத்தை மேலும் விரித்து, ஓர் அரசின் எல்லைக்குள் வாழ்வதே அவ்வரசுக்கு மௌனமாய் அளிக்கும் இசைவாகும் என்றார். 1748 இல் இதனை மறுக்கப் புகுந்த டேவிட் ஹியூம் அரசர்களையோ அறிஞர்களையோ உதாரணமாகக் கொள்ளவில்லை. அன்றாடம் ஈட்டும் சிறு கூலியில் வாழும், பிறநாட்டு மொழியும் வழக்கமும் அறியாத ஏழைக் குடியானவன் ஒருவனை முன்னிறுத்தி, நாட்டைவிட்டு நீங்கும் சுதந்திரம் இவனுக்கு உண்டென்று கூறுதல் தகுமோ எனக் கேட்டார். உறக்கத்திற் கப்பலில் ஏற்றப்பட்டவன் நடுக்கடலிற் குதித்து விடாமையால் மாலுமிக்கு இசைந்தவனாவான் என்பதைப் போன்றதே அக்கூற்று என்பது அவர் கண்டனம். ஹியூமின் குடியானவனிடம் இல்லாதவை இரண்டு: ஒன்று பொருள், மற்றது அறிவு.

ஹியூம் கற்பனையிற் கண்ட அம்மனிதனை இலங்கையின் வரலாறு இலட்சக்கணக்கில் உருவாக்கிக் காட்டிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துவத்திற்கு உரிமையுண்டெனக் கூறும் மனித உரிமைப் பிரகடனம் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறியதும் அதே ஆண்டு டிசெம்பர் மாதத்திலேயே. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கென்றும் 300,000 பேர் இலங்கைக்கென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இற் செய்யப்பட்ட மற்றோர் உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. பாகப் பிரிவினையின்போது ஆடுமாடுகளை எண்ணுவோர் கூட அவற்றின் நிறத்தையும் வயதையும் பார்ப்பர். இங்கோ தொகை முதலில் முடிவாயிற்று, அத்தொகையை நிரப்பும் ஆட்கள் பின்னரே தேடப்பட்டனர்.

எவரையும் கையைப் பிடித்துக் கப்பலேற்றுமாறு ஒப்பந்தம் கூறவில்லை. விண்ணப்பப் படிவங்கள் வழங்கப்பட்டன. விரும்பிய பிரஜாவுரிமையைக் கோருமாறு கேட்கப்பட்டது. 1970 இல் விண்ணப்பக் காலம் முடிந்தபொழுது இந்தியப் பிரஜாவுரிமை கோரியோர் ஏறத்தாழ 4 இலட்சம் பேரே. இலங்கைப் பிரஜாவுரிமை கோரியோரோ 6 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். ஒப்பந்தத்தின் எண்களோடு மக்களின் விருப்பம் பொருந்தவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இலங்கையைக் கோரியவருட் பாதிக்கு மேற்பட்டோருக்கு அங்கு இடமில்லை. இந்நிலையிற் படிவத்திற் குறிக்கப்பட்ட விருப்பத்தைத் தெரிவு என்று அழைப்பதில் உள்ள இடர்ப்பாடு வெளிப்படை.

இவ்விண்ணப்பதாரர் எதனை அறிந்திருந்தனர்? தமிழ்நாட்டில் மூதாதையரின் ஊர்ப்பெயர் பலருக்குத் தெரிந்திருந்தது. அவ்வூரை அவர்களுட் பெரும்பாலோர் கண்டதில்லை. பாட்டனார் வாய்மொழியாய்க் கேட்டதே. துங்கிந்தையிலும் மஸ்கெலியாவிலும் பிறந்து, லயத்தில் வளர்ந்து, கொழுந்தெடுத்தலும் கவ்வாத்து வெட்டுதலுமே தொழிலாகக் கொண்டோருக்கு வரண்ட நிலத்து உழவு அந்நியமானது. 1964 டிசெம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்திற்கே கப்பல் ஓடிற்று. அங்கு இறங்கி மண்டபம் முகாமைக் கடந்தோருக்குக் காத்திருந்தவை பலதரப்பட்டன. சிலருக்கு நீலகிரியிலே, தாயகம் திரும்புவோருக்கென 1968 இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களின் வழித்தோன்றல்களை இன்றும் காணலாம். வேறு பலருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். தராசு பிடித்தறியாத கைக்குக் கடையொன்று வைக்கக் கடன் கொடுத்தல் எத்தகைய மறுவாழ்வு என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டும் வேலையிற் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் இருந்தனர்.

இவையெல்லாம் ஒருவகை அறிவு சார்ந்தவை. கூலி, வேலை, நிலம், கடன் ஆகியவை பற்றிய செய்திகளைச் சொல்ல முடியும், சொல்லக்கூடியவர்களும் இருந்தனர். இரு அரசாங்கங்களிடமும் அலுவலகங்கள் இருந்தன, அலுவலர் இருந்தனர். சொல்லாமல் விட்டமை அறிவின் இயல்பான எல்லையால் நேர்ந்ததன்று. அது கடமையில் நேர்ந்த தவறு. அறியாமையைக் காரணங்காட்டித் தெரிவு செய்தவனையே குறைகூறும் வழக்கம், அறிவிக்கும் பொறுப்புடையோரை மறைத்துவிடுகின்றது.

ஆயின் வேறொரு வகை அறிவும் உண்டு. அதனை எவ்வலுவலராலும் வழங்கவியலாது. மலையகத்தில் 'இந்தியாக்காரன்', 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவன் நீலகிரிச் சந்தையில் 'சிலோன்காரன்' எனச் சுட்டப்பட்டபோது அவன் உள்ளத்தில் நிகழ்ந்ததை எந்த அறிவித்தற் பலகையில் எழுதி ஒட்டுவது? அமெரிக்க மெய்யியலாளர் எல். ஏ. போல் 2014 இல் வெளியிட்ட நூலொன்றில், சில அனுபவங்கள் அவற்றிற்கு உட்படுவோனையே மாற்றிவிடுகின்றமையின் அவை எத்தகையன என்பதை முன்கூட்டி அறிதல் இயலாதென வாதிடுகின்றார். பிள்ளைப்பேறு அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று. குடிபெயர்தலும் அவ்வினத்தது என்பதில் ஐயமில்லை. பெயர்ந்த பின் இருப்பவன் பெயருமுன் முடிவெடுத்தவன் அல்லன். அவன் விரும்புவன வேறு, அவனை வருத்துவன வேறு.

இவ்வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஓர் ஆபத்து உண்டு. எவரும் எதனையும் முன்னறிய முடியாதெனின், அறிவிக்கத் தவறிய அரசுகளின் குற்றமும் அதனுள் மெல்லக் கரைந்துபோகும். 'எப்படியும் தெரிந்திருக்க முடியாதே' என்பது அலுவலகத்தார்க்கு வாய்ப்பான சமாதானம். எனவே இவ்விரு அறியாமைகளையும் பிரித்துநோக்குதல் இன்றியமையாதது. ஒன்று மனித நிலைமையின் பாற்பட்டது. மற்றது, கூலி விகிதத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் நீங்கியிருக்கக் கூடியது.

மறுபுறம், போனவர் அனைவரையும் ஏதுமறியாப் பேதையராய்ச் சித்திரித்தலும் நீதியாகாது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. லயத்துக்குத் தீ வைக்கப்பட்டதைக் கண்டவன் இந்தியாவைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்திருக்கலாம். தான் விட்டுப் போவதைப் பற்றி நன்றாகவே அறிந்திருந்தான். அந்த அறிவைக் கொண்டு முடிவெடுத்தவனை ஏமாற்றப்பட்டவன் எனக் கழிவிரக்கத்தோடு பேசுவது, அவன் பகுத்தறிவை மறுப்பதாகும். திருச்சியிலோ சேலத்திலோ உறவினரைக் கண்டடைந்து வாழ்வை நிலைநிறுத்தியோரும் உண்டு. ஹியூமின் குடியானவனுக்கு அறிவு குறைவு என்பது மெய். அறிவே இல்லையென்பது மெய்யன்று.

இங்கு மெய்யியலாளர் பெரிதும் கவனியாத ஒரு சிக்கல் எழுகின்றது. சோக்கிரதீசோடு சட்டங்கள் தனியே பேசின. தோட்டத்திலோ கையொப்பமிட்டவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர்; அவர் தெரிவு மனைவியையும் வயதுவராத மக்களையும் கொண்டுசென்றது. வயதுவந்த மகனோ மணமான மகளோ வேறொரு படிவத்தில் வேறொரு விடையைக் குறித்திருந்தால், அக்குடும்பம் இரு நாடுகளாயிற்று. மலையகத்தார் 'கோச்சி' என வழங்கும் புகையிரதம் தலைமன்னாருக்குப் புறப்படும்போது அட்டனிலும் நானுஓயாவிலும் எழுந்த அழுகையைக் கேட்டோர் அதனை ஒப்பாரியோடு ஒப்பிட்டுக் கூறுவர். அழுதவருட் பலர் எதனையும் தெரிந்தெடுத்தவரல்லர். நாளெல்லாம் கொழுந்தெடுத்து, வீட்டுக்கு வருவாயிற் பெரும்பங்கைக் கொண்டுவந்த பெண்ணின் இசைவு தனியே கேட்கப்பட்டதா என்பதை ஒப்பந்தம் பற்றிய கட்டுரைகளும் அரிதாகவே கேட்கின்றன.

இவ்வரலாற்றின் பிற்பகுதி முன்னறிவு பற்றிய கொள்கைகளை மேலும் சங்கடத்துக்குள்ளாக்குகின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் சேமலாப நிதி கைக்கு வராமையாலோ, பேறுகாலத்தாலோ, முதிய தாயைப் பிரிய மனமின்மையாலோ பயணத்தைப் பிற்போட்டோர் பலர். 1980களின் நடுப்பகுதியில் யுத்தத்தினாற் கப்பற் சேவை நின்றது. அவர்கள் போகவும் இயலாது, இருக்கவும் உரிமையின்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தனர். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாய் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இவர்களையும் இலங்கைப் பிரஜைகளாக்கிற்று. குறித்த நாளிற் கப்பலேறிய அயல்வீட்டார் தம் பிறந்த மண்ணுக்கு விசா பெற்று வரும் வெளிநாட்டாராயினர். இரு வீட்டாரும் ஒரே லயத்தில், ஒரே செய்தியைக் கேட்டு, ஒரே படிவத்தை நிரப்பியவர்களே.