வாயில்லா உயிருக்காக ஒரு விடை

இன நாய்களின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்வோர் இணையவழி அனுப்பியிருந்த வினாப்பட்டியல் ஒன்றை நிரப்ப, அண்மையில் ஒரு மாலை அமர்ந்தோம். நம் இல்லத்தில் இருப்பது இராசபாளையம் இனத்துப் பெண் நாய். பால் போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம் அது. வயது, எடை, தடுப்பூசி, உணவு என வினாக்கள் எளிதாகவே நகர்ந்தன. பின்னர் வந்தன இரு வினாக்கள்: “உங்கள் நாய்க்கு இரு செவிகளும் கேட்கின்றனவா? அது ஈன்ற குட்டிகளுள் செவிப்புலன் அற்றவை உண்டா?” நம் விரல் அங்கே நின்றுவிட்டது.

ஈராண்டுகளுக்கு முன் அது ஆறு குட்டிகளை ஈன்றது. ஐந்து குட்டிகள் பாத்திரம் விழும் ஓசைக்குத் துள்ளி எழும். ஒன்று மட்டும் உறங்கிக்கொண்டே இருக்கும். நமக்குப் புரிந்திருந்தது. ஆயினும் தோட்டக் காவலுக்கென்று கேட்டு வந்த ஒருவரிடம், அக்குட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கொடுத்தனுப்பினோம். சில மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்தார். “கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதுங்கய்யா. அடிச்சும் பார்த்துட்டேன்” என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “மொதல்லயே சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டேனே” என்று மட்டும் சொன்னார். நாம் விழுங்கிய ஒரு சொல், ஒரு வாயில்லா உயிரின் முதுகில் அடியாக விழுந்திருந்தது.

அக்குறை ஏன் வருகிறது? உட்செவிக்குள்ளும் நிறமி உயிரணுக்கள் உண்டு. வெண்மையைத் தரும் சில மரபுக்கூறுகள் அவ்வுயிரணுக்களை அங்கே இல்லாமற் செய்துவிட்டால், ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன் நாய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 நாய்களுக்கு ஒரு செவியேனும் கேளாது எனக் கண்டனர். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு செவி மட்டும் கேளாதவை. மூளையின் மின் எதிர்வினையை அளக்கும் சோதனையின்றி அதைக் கண்டறிவது அரிது. அழைத்தால் ஓடி வரும் நாய்க்கும் ஒரு செவி அடைந்திருக்கலாம். ஆக, தாய் நாயைக் குறித்து நாம் ‘ஆம்’ என்று எழுதினால் அதுவும் முழு உண்மையாகாது. ‘தெரியாது’ என்பதே நேர்மையான விடை. அறியாததை அறிந்ததாகக் காட்டுவதும் பொய்யின் ஒரு வகையே அன்றோ?

நம் ஒருவரின் விடையால் என்ன ஆகிவிடும் என்று மனம் வாதாடியது. அதே டால்மேஷன் இனத்தின் வரலாறு அதற்கு மறுமொழி தந்தது. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும் குறை அவ்வினம் முழுவதிலும் பரவியிருந்தது. 1973ஆம் ஆண்டு ராபர்ட் ஷைபிள் என்னும் அமெரிக்க மரபியல் அறிஞர், பாயிண்டர் இன நாய் ஒன்றோடு ஒரே ஒருமுறை கலப்புச் செய்து, பின்வந்த தலைமுறைகளை மீண்டும் மீண்டும் டால்மேஷன்களோடே சேர்த்து, அக்குறையற்ற வழியொன்றை உருவாக்கினார். புள்ளிகளும் வடிவும் அவ்வாறே இருந்தன. எனினும் இரத்தத் தூய்மை கெடும் என்று இன ஆர்வலர் பலர் எதிர்த்தனர். அமெரிக்க நாய்ப் பதிவுக் கழகம் அவ்வழியை நிலையாக ஏற்றது 2011ஆம் ஆண்டில்தான். மருந்து கையில் இருந்தும் பெருமை வழிமறித்த காலம் 38 ஆண்டுகள்! குறையை உடையவரே மறைத்தால், மருந்தைத் தேடவும் ஒருவரும் புறப்படமாட்டார்.

தூய்மை என்னும் சொல்லை நாம் இரு பொருளில் ஆள்கிறோம். இரத்தத்தில் கலப்பின்மை ஒன்று. உள்ளத்தில் கள்ளமின்மை மற்றொன்று. முன்னதைக் காக்கப் பின்னதை இழப்பது எவ்வகையில் தகும்? விலங்குகளிடம் கனிவுடன் நடப்பது மனிதரின் கடன் என்று 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. உணவும் நீரும் தருவதோடு அக்கடன் தீர்ந்துவிடுவதில்லை. தன் நோயைத் தானே சொல்ல இயலாத உயிருக்காக நாம் சொல்லும் சொல் மெய்யாக இருப்பதும் அக்கடனுள் அடங்கும். இதனால் நன்மை பெறப்போவது இனிப் பிறக்கவிருக்கும் ஏதோ ஒரு குட்டி. அது நமக்கு நன்றி சொல்லாது. நாம் யார் என்றும் அறியாது. கைம்மாறு கருதாத நீதி என்பது இதுதான் போலும்.

தாய்க்குத் ‘தெரியாது’ என்றும், குட்டிகளுள் ஒன்றுக்கு ‘உண்டு’ என்றும் குறித்தோம். வினாப்பட்டியல் அத்துடன் முடிந்தது. நம் கணக்கு முடியவில்லை. மற்ற ஐந்து குட்டிகளை நல்ல விலை கொடுத்து வாங்கிச் சென்றவர்களுக்கு, அவற்றின் உடன்பிறப்பைப் பற்றி அன்றிரவே எழுதினோம். நம் நாயை இனி இனப்பெருக்கத்திற்கு விடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். தோட்டக்காரர் இப்போது கைகாட்டியே அக்குட்டியை அழைக்கப் பழகிவிட்டார். அதுவும் ஓடி வருகிறது.