மாக்கோழியும் ஓடாத காரும்

சென்னை புதுப்பேட்டையின் காயலான் கடைகளில் ஒரு கார் தன் பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. கதவுகள் கழன்று ஒரு கடையின் சுவரில் சாய்கின்றன. இருக்கைகள், கண்ணாடிகள், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் எல்லாம் தனித்தனிக் குவியல்களுக்குப் போய்ச் சேர்கின்றன. இப்படிப்பட்ட குவியல்களிலிருந்து ஓர் இருக்கை, மூன்று பெடல், ஒரு ஸ்டீயரிங், ஒரு ஹேண்ட் பிரேக் ஆகியவற்றைப் பொறுக்கி, சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துச் சட்டம் அடித்து, எதிரே ஒரு திரையையும் கணினியையும் நிறுத்தி, வீட்டு அறைக்குள்ளேயே பந்தயக் கார் ஓட்டும் கூட்டைக் கட்டிக்கொள்கிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். சிமுலேட்டர் காக்பிட் என்று அதற்குப் பெயர். அது ஓர் அங்குலமும் நகராது. ‘எல்லாம் பொய்தானே, இதில் என்ன இருக்கிறது?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ‘எல்லாம் பொய்தானே, இதில் என்ன ஆகிவிடப் போகிறது?’ என்று ஓட்டுகிறவர்களும் சொல்வார்கள். முன்னது குறை, பின்னது சமாதானம் என்றாலும் இரண்டும் நிற்கும் தரை ஒன்றுதான். உயிர் எதுவும் அடிபடாத, சாலை என்று ஒன்று இல்லாத இடத்தில் ஒருவர் செய்வதை வினை என்று சொல்லலாமா என்பதே அடியில் இருக்கும் கேள்வி. சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டும் என்பது என் வாதம்.

கூடு மெய்யான காரா, போலிக் காரா என்ற விவாதத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். பௌத்த நூலான ‘மிலிந்த பன்ஹா’வில் நாகசேனர் என்ற துறவி, தேரில் வந்து இறங்கிய கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் இதைத்தான் கேட்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே மன்னன் சொல்லவேண்டியிருக்கிறது. உறுப்புகள் ஒரு வகையில் கூடும்போது வழங்கும் பெயர்தான் தேர் என்று ஒப்புக்கொள்கிறான். நாகசேனர் சொல்லால் செய்ததைப் புதுப்பேட்டை ஸ்பேனரால் செய்கிறது. கார் என்பது கூட்டத்துக்கு இட்ட பெயர் என்றால், அதே உறுப்புகள் வேறு வகையில் கூடிய காக்பிட்டும் இன்னொரு பெயர்தான். அதில் போலி என்று குற்றம் சொல்ல ஏதுமில்லை. மண்ணுக்குள் குடம் முன்னமே இருந்தது என்று சற்காரியவாதம் பேசும் சைவ சித்தாந்தி இந்தப் பதிலில் நிறைவடைய மாட்டார். ஆனால் அவருக்கும் பொருளின் பெயரைவிட அதில் அமரும் உயிர்தான் முக்கியம். கேள்வி அங்கேதான் போகவேண்டும்: உட்கார்ந்தவரிடம் என்ன நடக்கிறது?

அதை அறிய பிரேக் பெடலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். மலிவான விளையாட்டுப் பெடலில் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் இருக்கும். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மட்டுமே அது கணினிக்குச் சொல்லும். நிஜக் காரில் கால் தூரத்தை நம்பி பிரேக் பிடிப்பதில்லை. குழாயிலுள்ள பிரேக் ஆயில் திருப்பித் தள்ளும் விசையை நம்பிப் பிடிக்கிறது. பெடல் சிறிது இறங்கியதும் கெட்டிப்பட்டு நிற்கும். அதற்கு மேல் அழுத்தத்தைக் கூட்டுவதிலும் தளர்த்துவதிலும்தான் ஓட்டுபவரின் கைவரிசை, சரியாகச் சொன்னால் கால்வரிசை, இருக்கிறது. அதனால் தேர்ந்தவர்கள் பழைய காரின் பெடலுக்குப் பின்னால் கெட்டி ரப்பர் கட்டை ஒன்றை வைத்து, அதற்கும் பின்னால் லோட் செல்லைப் பொருத்துகிறார்கள். மளிகைக் கடை மின்தராசின் தட்டுக்கு அடியில் இருக்கிறதே, அதே உலோகத் துண்டு. விசை பட்டால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவு ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வழியாகக் கணினிக்கு எண்ணாகப் போகும். பழைய பெடலின் ரப்பர் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் வழவழவென்று தேய்ந்திருக்கும். முன்பு ஓட்டியவரின் செருப்பு ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் அழுத்திய தடம் அது. அதே ரப்பரை இப்போது இன்னொரு கால் தேய்க்கத் தொடங்குகிறது. வளைவுக்கு எத்தனை மீட்டர் முன்னால் முழு பலத்தையும் கொடுப்பது, ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப எப்படித் தளர்த்துவது என்று ஆயிரம் முறை பழகிய கால் பழைய காலாக இருப்பதில்லை. செயல் முடிந்த பின்னும் செய்தவரிடம் தங்குவதை நம் சாத்திரங்கள் வாசனை என்றும் சம்ஸ்காரம் என்றும் சொல்கின்றன. கணினியை அணைத்தால் திரையிலிருந்த சாலை போய்விடும். காலில் ஏறியது போகாது.

திரையில் தெரிவது கனவுக்குச் சமம், கனவில் சாப்பிட்டால் வயிறு நிறையுமா என்று அத்வைதத்தின் பெயரால் மறுக்கலாம். கயிற்றில் தோன்றும் பாம்பைப் பிராதிபாசிகம் என்றும், நாம் புழங்கும் உலகை வியாவகாரிகம் என்றும் பிரிப்பது அந்த மரபு. ஆனால் பிரம்மசூத்திர உரையில் சங்கரரே இதற்கு வழி விட்டிருக்கிறார்: விஷம் தீண்டிவிட்டது என்ற வெறும் சந்தேகத்தாலும் சாவு நேர்வதுண்டு என்கிறார். பொய்யான காரணத்துக்கு மெய்யான விளைவு இருக்கலாம். சிமுலேட்டரின் வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை நடத்தியவரின் மகன் எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையே கொண்டு 1929-இல் தரையை விட்டு எழாத விமானம் ஒன்றைச் செய்தார். முதலில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள்தான். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியில் மோசமான வானிலையில் சிக்கி அடுத்தடுத்து இறந்த பிறகு, ராணுவம் அவரிடம் 6 கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அதில் பழகினார்கள். இசைக்கருவியின் துருத்தி அவர்களுக்கு மேகத்துக்குள் பறக்கக் கற்றுக்கொடுத்தது. கார்ப் பந்தயத்திலும் இதே கதைதான். ‘கிரான் துரிஸ்மோ’ விளையாட்டில் வென்றவர்களை நிஜப் பந்தயத்துக்கு அனுப்பும் திட்டம் 2008-இல் தொடங்கியது. அதில் முதலில் வென்ற ஸ்பெயின்காரர் லூகாஸ் ஒர்டோன்யெஸ் 2011-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாவதாக வந்த அணியில் இருந்தார். 2011-இல் வென்ற பிரிட்டன் இளைஞர் யான் மார்டன்பரோ இரண்டே ஆண்டுகளில் அதே பந்தயத்தில், அதே பிரிவில், மூன்றாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். இதில் ஒன்றும் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

அப்படியானால் ‘ஒன்றும் ஆகிவிடாது’ என்பதையும் சொல்ல முடியாது. இங்கேதான் ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான ‘யசோதர காவியம்’ துணைக்கு வருகிறது. தமிழில் போலிச் செயலைப் பற்றி இவ்வளவு கூர்மையாகச் சிந்தித்த வேறொரு சமண நூலை நான் அறியேன். தீக்கனா கண்டதாகச் சொன்ன அரசன் யசோதரனிடம், தேவிக்குப் பலி கொடுக்கச் சொல்கிறாள் தாய் சந்திரமதி. உயிர்க்கொலைக்கு அவன் இசையவில்லை. அதனால் மாவினால் ஒரு கோழி செய்து, அதை உயிருள்ள கோழியாகப் பாவித்து வெட்டுகிறார்கள். சிந்திய ரத்தம் இல்லை, துடித்த உடல் இல்லை. ஆனாலும் வினை அவர்களை விடவில்லை. மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, விலங்குப் பிறவிகள் பலவற்றில் கொல்லப்பட்டு, முடிவில் இருவரும் கோழிகளாகவே பிறந்து சாகிறார்கள். சமணர் இந்தக் கதையை விடாமல் சொல்லி வந்ததற்குக் காரணம் உண்டு. மாக்கோழியில் பொய் மாவு மட்டும்தான். வெட்டவேண்டும் என்ற சங்கற்பம், ஓங்கிய கை, கொலையின் பலன் தனக்கு வேண்டும் என்ற ஆசை மூன்றும் மெய். எது மெய்யோ அது பற்றியது.

இதைப் படித்ததும் எழுகிற ஆட்சேபம் நியாயமானது. திரையில் கார் மோதினால் பாவம் என்றால், மேடையில் கொலைகாரன் வேடம் கட்டும் கூத்துக்கலைஞருக்கு என்ன கதி? மரக்குதிரை ஓட்டும் குழந்தைக்கு என்ன கதி? இந்தக் கேள்விக்கு விடை காவியத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். யசோதரன் நடிக்கவில்லை. மாவை வெட்டி, உயிரைக் கொன்றதன் பலனை எதிர்பார்த்தான். கூத்துக்கலைஞர் எதிர்பார்ப்பது பார்ப்பவர் மனத்தில் ஓர் உணர்ச்சியை. யாருடைய சாவையும் அவர் வேண்டவில்லை. ஆகவே திரையில் என்ன நடந்தது என்று பார்ப்பது போதாது. எந்த ஆசை அங்கே தீனி பெற்றது என்று பார்க்கவேண்டும். கார் எந்த வேகத்தில் பிடிப்பை இழக்கிறது என்று அறிய, ஒரே வளைவில் இருபது முறை சுவரில் மோதிப் பார்ப்பவர் கற்கிறார். அந்த மோதலில் குற்றம் எதுவுமில்லை. வலைத்தொடர்பு வழியே இன்னொரு மனிதர் ஓட்டும் காரை, முந்திவிட்டாரே என்ற ஆத்திரத்தில் வேண்டுமென்றே இடித்துத் தள்ளுபவர் வேறு காரியம் செய்கிறார். நொறுங்கிய தகரம் பொய். அந்த மனிதரின் கெட்டுப்போன மாலைப் பொழுது பொய்யில்லை, இடித்தவரிடம் வளர்ந்த ஆத்திரமும் பொய்யில்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது, அதில் பாதியை நான் ஏற்கிறேன். கூட்டில் பயம் கிடையாது. மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். உடலை இருக்கையோடு அழுத்தும் விசை இல்லை, எரியும் டயர் வாடை இல்லை, எதிரே நிற்கும் உயிர் இல்லை. 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் மார்டன்பரோவின் கார் ஒரு மேட்டில் காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். அது வேண்டுமென்று நடந்ததன்று. ஆயினும் மறுபடி தொடங்க வழியற்ற இடம் அது. கூடு கற்றுத்தராத ஒன்று அங்கே இருக்கிறது, அதை மறைத்துக் கூட்டைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் பயம்தான் பொறுப்பைத் தரும், பயமில்லாத இடத்தில் பொறுப்பு விளையாது என்ற அடுத்த படியை நான் ஏற்கமாட்டேன். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. அந்தச் சாலைகளில் பயத்துக்குக் காரணம் குறைவா? உயிர்போகும் இடத்திலேயே நாம் பொறுப்பில்லாமல் ஓட்டுகிறோம் என்றால், பொறுப்பு பயத்திலிருந்து பிறப்பதில்லை என்றே கொள்ளவேண்டும். பழக்கத்திலிருந்தும் எண்ணத்திலிருந்தும் பிறக்கிறது அது. இரண்டையும் கூட்டில் அமர்ந்தும் வளர்க்கலாம், கூட்டில் அமர்ந்தே கெடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

கழித்துக்கட்டிய காரின் உறுப்பை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்குபவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். விபத்தில் சிக்கிய காரின் இருக்கையாக இருந்தால்? அதில் அமர்ந்தவர் என்ன ஆனாரோ? இந்தத் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று உதற எனக்கு மனமில்லை, இறந்தவரை நினைக்கும் மரியாதையும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் வினை உயிரைப் பற்றுமே தவிர இரும்பைப் பற்றாது என்பதில் சமணமும் சைவமும் ஒன்றுபடுகின்றன. சமணர் வினையை நுண்ணிய பொருளாகவே கருதினாலும் அது ஒட்டுவது உயிரில்தான். சைவரின் கன்மமும் உயிரைக் கட்டும் மலம். ஆயுத பூஜை நாளில் ஸ்டீயரிங்குக்குச் சந்தனம் இடும் கையும் அதைக் கொண்டு நடக்கும் தொழிலையே வணங்குகிறது. பழைய உறுப்பில் நிஜமாகவே அஞ்சவேண்டியது ஒன்று உண்டு. வெடிக்காத ஏர்பேக் இருக்கும் ஸ்டீயரிங்கில் உயிருள்ள வெடிமருந்து காத்திருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, விவரம் தெரிந்த மெக்கானிக் கையால் அதை நீக்கிய பிறகே ஸ்டீயரிங்கை வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். யாருக்கோ உயிர் காக்க வைத்த மருந்து, அஜாக்கிரதையான கையில் முகத்தைச் சிதைக்கும். காரியம் காரணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

வினையில் கனமானது உடலின் செயலா, மனத்தின் செயலா என்ற பழைய வழக்கு ‘மஜ்ஜிம நிகாய’த்தின் உபாலி சுத்தத்தில் வருகிறது. உடலின் செயலே கொடியது என்று நிகண்டர்கள் எனப்படும் சமணரும், மனத்தின் செயலே கொடியது என்று புத்தரும் வாதிடுவதாக அது சொல்லும். பௌத்தர் எழுதி வைத்த கணக்கு அது; மாக்கோழிக் கதையைச் சொன்ன சமணர் மனத்தை அவ்வளவு எளிதாக விட்டவர்களல்லர். 2008 முதல் நடந்துவரும் ஐரேசிங் என்ற சிமுலேட்டர் பந்தயத் தளம், இந்த வழக்கின் இரண்டு தரப்பையும் தன் விதிகளுக்குள் வைத்திருக்கிறது. தடத்தை விட்டுச் சக்கரங்கள் வெளியே போனால் ஒரு புள்ளி, கார் சுழன்றால் இரண்டு, இன்னொரு காரோடு பலமாக மோதினால் நான்கு என்று ஓட்டுபவரின் கணக்கில் ஏறும். யார்மேல் தவறு என்று கேட்காமலே இடித்தவருக்கும் இடிபட்டவருக்கும் சேர்த்து ஏறும். வேண்டுமென்று இடித்தார் என்ற புகாருக்கு வழி வேறு. மனிதர்கள் அமர்ந்து பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, எண்ணத்தைத் தேடுவார்கள். பிரேக்கை எந்த இடத்தில் விட்டார், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தார், விலக இடம் இருந்தும் விலகாமல் வந்தாரா என்று பார்ப்பார்கள். எங்கோ ஓர் அறையில், காயலான் கடைப் பெடலின் தேய்ந்த ரப்பர்மேல் ஒரு கால் அரை நொடி தாமதித்தது தவறியா, நினைத்தா என்பதை அவர்கள் தீர்மானித்தாகவேண்டும்.