ஊறும் ஓசையும்

பஞ்சபூதங்களின் குணங்களை வகுத்துரைக்கும் நம் ஆசிரியர்கள், ஆகாயத்துக்கு ஓசை ஒன்றையே குணமாகக் கூறி, அதன்பின் தோன்றும் வாயுவுக்கு அவ்வோசையோடு ஊறு என்னும் ஸ்பரிசத்தையும் சேர்த்து, தேயு, அப்பு, பிருதிவி என இறங்குந்தோறும் ஒவ்வொரு குணமாகக் கூட்டிக்கொண்டு செல்வர். வைசேஷிகர் இதற்கு உடன்படார்; ஓசை ஆகாயத்துக்கே உரியதென்றும், காற்றுக்குச் சிறப்பாக உரியது ஸ்பரிசம் மாத்திரமே என்றும் சாதிப்பர். தர்க்கம் படித்தவர்களின் பொழுதுபோக்காக நெடுங்காலம் கிடந்த இந்தப் பிணக்கு, இன்று ஓமந்தையிலே ஒரு மதிலின் இரு புறத்திலும் வாழும் இரண்டு குடும்பங்களுக்கிடையே வந்து நிற்கிறது என்று சொன்னால் வாசகர் நகைக்கக்கூடும். நானும் முதலில் நகைத்தவனே. காற்றின் குளிர்ந்த ஸ்பரிசத்தை மட்டும் எமக்கென்று எடுத்துக்கொண்டு, அதனோடு பிரிவின்றிப் பிறக்கும் ஓசையை வேறெங்கேனும் விட்டுவிட இயலுமா என்பதும், இயலுமெனில் அவ்வாறு செய்தல் தகுமா என்பதும் எழுந்தபோதுதான், விஷயம் நகைப்புக்குரியதன்று எனத் தெரிந்தது.

ஓமந்தையின் வெயிலை அறியாதவருக்கு இதனைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். மாரிமழை ஓய்ந்து குளங்கள் வற்றத் தொடங்கியபின், பங்குனியிலும் சித்திரையிலும் கண்டி வீதியின் தார் இளகி, நண்பகலில் வெப்பமானி 35 பாகை செல்சியசைத் தொட்டு நிற்கும். அதன்பின் வரும் சோளகம் காற்றாக இருந்தாலும் ஈரமற்ற காற்று. முன்னோர் இதற்கு ஓர் உபாயம் கண்டிருந்தனர். தடித்த மண்சுவரும், தாழ இறக்கிய ஓலைக்கூரையும், சாணமிட்டு மெழுகிய திண்ணையும், முற்றத்தில் ஒரு வேம்பும் இருந்தால் வெயில் வாயிற்படியோடு நின்றுவிடும். அந்த வீடுகளை யுத்தம் கொண்டுபோய்விட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் கண்டி வீதி திறந்தபோது இந்த ஊரின் பெயர் ஒரு சோதனைச்சாவடியின் பெயராக உலகறிந்தது. 2009இல் உயிரை மட்டும் கையிற்பிடித்து வந்த ஜனங்கள் அதன் வழியாகவே முகாம்களுக்குச் சென்றனர். 2011இல் புகைவண்டி மீண்டும் ஓமந்தைவரை வந்தது. சாவடி 2015வரை நின்றது. ஊர் திரும்பியோர் முதலிற் கட்டியவை தகரக்கூரை வீடுகள். பிறகு வெளிநாட்டுக் காசு வரத் தொடங்க, கொங்கிறீட் கூரையிட்ட மாடிவீடுகள் எழுந்தன. பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உள்ளே உமிழும் அக்கூரையின் கீழ் விசிறியும் வெந்த காற்றையே சுழற்றுகிறது.

இங்கே நான் கருதும் வீடு அத்தகையதே. அதன் சொந்தக்காரர் தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்குச் சென்று, அங்குள்ள வழக்கப்படி நிலக்கீழ் அறையிலிருக்கும் ஓர் இயந்திரம் வீடு முழுமைக்கும் குழாய் வழியே பனிக்காலத்தில் வெப்பத்தையும் கோடையிற் குளிரையும் அனுப்பும் வீட்டில் இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தவர். பிறந்த மண்ணிற் கட்டும் வீட்டையும் அவ்வாறே அமைக்க விரும்பினார். அறைக்கு அறை சுவரில் ஏசி மாட்டும் ஊர்வழக்கத்தை விட்டு, பொய்க்கூரைக்கு மேலே தகட்டுக் குழாய்களை ஓடவிட்டு, நான்கு டன் வலுவுள்ள ஒரே இயந்திரத்தை வைத்தார். ஒரு டன் என்பது ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது ஈர்த்துக்கொள்ளும் வெப்பம். மின்கணக்கிற் சொன்னால் ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாற்று. ஆகவே உச்சவெயிலில் அந்த வீட்டிலிருந்து 14 கிலோவாற்று வெப்பம் வெளியே தள்ளப்படுகிறது. தள்ளுவதற்குச் செலவான மின்சாரமும் வெப்பமாகி அதனோடு சேர, வெளியே விழுவது 18 கிலோவாற்றுக்குக் குறையாது.

இந்தக் கணக்கைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குளிரூட்டி குளிரை உண்டாக்குகிறது என்றே நினைக்கிறோம். அது எதையும் உண்டாக்குவதில்லை. உள்ளிருந்த வெப்பத்தை அள்ளி, கொஞ்சம் கூட்டி, வெளியே கொட்டுகிறது. 1902இல் வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக முதன்முதல் இவ்வகைப் பொறியை வகுத்தபோது, மனிதரின் வியர்வை அவர் நினைவிலேயே இல்லை. ஈரக்காற்றிற் காகிதம் சுருங்கியும் விரிந்தும் வண்ண அச்சுக்களைப் பிறழச் செய்தமையே அவர் தீர்க்க வேண்டியிருந்த இடர். வீட்டுக்கென்று முதலில் இதனை வரவழைத்தவர் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரத்துச் செல்வர் சார்ள்ஸ் கேற்ஸ் என்பர். இருபதடி நீளமும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட உயரமுமுள்ள அப்பொறி 1914இல் அவருடைய மாளிகைக்கு வந்தது. அவரோ 1913இலேயே இறந்துபோனார். நிலையாமையைப் பாடுவோருக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஓசைக்கு வருவோம். குழாய்வழிக் குளிரூட்டலில் ஓசை இரண்டு இடங்களிற் பிறக்கிறது. உள்ளே, குழாய் ஒடுங்கியிருந்தால் காற்று விரைந்தோடிச் சீறும். திரும்பும் காற்றுக்கான வாய் சிறிதாயின் அங்கே விசிலடிக்கும். இயந்திரத்தோடு தகடு நேரே பொருந்தியிருந்தால் அதன் அதிர்வு முழுவதும் வீடெங்கும் பரவும். சொந்தக்காரர் இவற்றையெல்லாம் அறிந்தவர். குழாய்களை அகலமாக்கி, உட்புறம் மெத்தென்ற உறையிட்டு, இயந்திரத்துக்கும் குழாய்க்கும் நடுவே தடித்த கித்தான் துணியால் இணைப்பு வைத்து, இயந்திரத்தை இறப்பர்த் துண்டுகளின்மேல் நிறுத்தினார். வீட்டினுள்ளே நிசப்தம். இரண்டாவது ஓசை வெளியே கொம்பிரசரும் பெரிய விசிறியும் இருக்கும் பெட்டியிற் பிறப்பது. அதனைத் தம் படுக்கையறையிலிருந்து இயன்றளவு தூரத்தில், கிழக்கு மதிலின் ஓரத்தில், இரும்புத் தாங்கியிற் பொருத்தச் செய்தார். வீட்டின் வரைபடத்தைப் பார்த்தால் அதுவே உசிதமான இடமென்று எவரும் சொல்வர். வரைபடம் மதிலோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் அதிலுள்ள குறை.

மதிலுக்கு அப்பால் பன்னிரண்டு அடியில் ஒரு மூதாட்டியின் தகரவீட்டு ஜன்னல். அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு மாலையிற் படலையடியில் நின்று, “தம்பி, பகலில ஒண்டும் தெரியேல்லை. இரவில கண்ணை மூடினா வண்டு சுத்திற மாதிரிக் கிடக்கு” என்று மாத்திரம் சொன்னார். தம்பி என அழைக்கப்பட்ட ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு அது விளங்கவில்லை. ஏதோ பூச்சித் தொல்லை என்று எண்ணி, ஜன்னலுக்கு வலை அடித்துத் தருவதாகச் சொன்னார். யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் இருந்தவருக்கு வண்டு இன்னதெனச் சொல்ல வேண்டுவதில்லை. இரவும் பகலும் வானத்தில் ஒரே சுருதியில் முரன்றுகொண்டு சுற்றிய ஆளில்லா வேவு விமானத்துக்கு ஜனங்கள் இட்ட பெயர் அது. வண்டு சுற்றிய இடத்தில் பின்னர் ஷெல் விழும், அல்லது கிபிர்ப் போர்விமானம் வரும். பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள் அந்த முரற்சியைக் கேட்டே நேரத்தைக் கணித்தார்கள்.

ஓசையின் தன்மையைப் பற்றி எவ்வளவு சாஸ்திரம் பேசினாலும் இந்த இடத்தில் ஒரு முடிச்சு விழுகிறது. அதே முரற்சி சொந்தக்காரரின் பிள்ளைகளுக்குத் தாலாட்டு. ரொறன்ரோவில் பிறந்த நாள்முதல் அவ்வகை இரைச்சலில் உறங்கியவர்கள், அது நின்றால் விழித்துக்கொள்வார்களாம். ஆதலால் ஓசை இன்பமுமன்று, துன்பமுமன்று. கேட்பவரின் சித்தத்திற் கிடக்கும் வாசனையே அதனை இன்பமாகவும் துன்பமாகவும் ஆக்குகிறது என்று வேதாந்தம் பயின்ற உறவினர் ஒருவர் சொந்தக்காரருக்கு எடுத்துரைத்தார். அவர் கூறியது பொய்யன்று. அதிலிருந்து அவர் செய்த முடிபு, அதாவது மூதாட்டி மனத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டுமென்பது, என் கருத்தில் முழுப் பிழை.

சும்மா இருத்தலை உபதேசித்தோர் நம் மரபிற் பலர். அருணகிரியாருக்கு முருகன் அருளியதும், தாயுமானவருக்கு மௌனகுரு காட்டியதும் அதுவே என்பர். நமக்கு அண்மையில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் (1872–1964), துறவுக்கு முன் கிளிநொச்சிப் பகுதியில் நீர்ப்பாசன வேலைத்தளமொன்றிற் களஞ்சியப் பொறுப்பு வகித்தவர். ஆரவாரமான வேலையிடத்தை அறிந்த அவரும் தம்மை நாடி வந்தோரைச் சும்மா இருக்கவே சொன்னார். கவனிக்க வேண்டியது, நாடி வந்தோரை. உபதேசம் என்பது குருவின் வாயிலிருந்து அதனை வேண்டிய சீடனின் செவிக்குச் செல்வது. ஓசையை எழுப்புபவன் அதே வாக்கியத்தை எடுத்து ஓசையாற் துன்புறுபவளிடம் நீட்டினால், அது உபதேசமாகாது. தன் இயந்திரத்துக்குச் செய்யும் வக்காலத்தாகும். எல்லாம் அவளது வினைப்பயன் என்று சித்தாந்தத்தைத் துணைக்கழைப்பவருக்கும் சித்தாந்தமே விடை வைத்திருக்கிறது: அவளுக்கு அது பிராரத்தமானால், உனக்கு அது ஆகாமியம். நுகர்பவரின் கணக்குத் தீருமிடத்தில் செய்பவரின் கணக்குத் தொடங்குகிறது. பொறுமையைத் தன் செவிக்குப் போதிக்கலாம்; அயலாரின் செவிக்குப் போதிக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை.

சட்டம் இதில் ஓரளவு தூரம் நம்முடன் வருகிறது. 1996ஆம் ஆண்டின் தேசிய ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லையாக வகுத்து, அதனை ஓசை பிறக்கும் காணியின் எல்லையில் அளக்க வேண்டுமென்கின்றன. மதிலோரத்தில் அளக்கச் சொன்னவர் ஒரு நல்ல தத்துவஞானியாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் 44 டெசிபலில் முரலும் வண்டும் வண்டுதான்; அதனை அளக்கும் கருவி எதுவும் இல்லை.

நம் சமயமும் குளிர்மையை வேண்டியே நிற்பது. மதுரையை எரித்த கண்ணகியின் கோபாக்கினியைத் தணிக்கக் கீழ்மாகாணத்துக் கோயில்களில் வைகாசிதோறும் குளிர்த்தி நிகழ்கிறது. முல்லைத்தீவில், நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில், கடல்நீரில் விளக்கெரித்துப் பொங்கலிடுகிறார்கள். பறையும் உடுக்கும் குரவையும் செவியை அடைக்கும் அந்தச் சடங்குகளில் ஓசைக்குப் பஞ்சமில்லை. எனினும் அங்கே ஓசையும் குளிர்மையும் ஊர் முழுவதற்கும் பொது. பறையொலியை அயலாருக்கு விட்டு அம்மனின் அருளை மாத்திரம் தம் வீட்டுக்குள் ஒருவரும் எடுத்துச் செல்வதில்லை. (இதனைப் பெருமையாகச் சொல்லும் நாம், திருவிழாக் காலத்தில் வேப்பமரந்தோறும் கட்டும் ஒலிபெருக்கிக் குழல்களைப் பற்றிப் பேசுவதில்லை. தென்னிலங்கைப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தியது. எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்திய அந்தக் கட்டளையை எத்தனை கோயில் நிர்வாகங்கள் மனமுவந்து ஏற்றன என்பதை அவரவர் ஊரில் கேட்டுக்கொள்வது நல்லது.)

கடைசியில் சொந்தக்காரர் பெட்டியை இடம் மாற்றினார். மேற்குப் புறத்தில், கிணற்றடிக்கு அருகே, தம் படுக்கையறை ஜன்னலின் நேர் கீழே, சுவரைத் தொடாமல் நிலத்தில் தனியே கொங்கிறீட் பீடமிட்டு, இறப்பர்த் துண்டுகளின்மேல் வைக்கச் செய்தார். வவுனியாவிலிருந்து வந்த ஏசி பாஸ் இது வீண்வேலை என்று முணுமுணுத்தபடியே செப்புக்குழாயை நீட்டி, குறைந்த காஸைக் கூட்டி நிரப்பினார். தூரம் இரட்டிக்கும்போது ஆறு டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு. நடுவே ஒரு முழு வீடும் நிற்க, மூதாட்டியின் ஜன்னலில் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. சொந்தக்காரருக்குக் கேட்கிறது. உறவினர் சொன்ன மனப்பயிற்சியை இப்பொழுது அவரே செய்து வருகிறார். அங்கே அந்த வேதாந்தத்துக்கு நான் ஓர் ஆட்சேபமும் சொல்லேன்.

ஆனால் ஒரு கலக்கம் எனக்குத் தீரவில்லை. இயந்திரங்கள் ஆண்டுக்காண்டு ஓசை குன்றி வருகின்றன. இன்வேர்ட்டர் வகைகளில் வேண்டிய அளவுக்கு வேகம் தணிந்து ஓடும் கொம்பிரசர் முன்னையது போல் உறுமுவதில்லை. வைசேஷிகர் சொன்னபடி ஓசையைக் காற்றினின்றும் முற்றாகப் பிரித்துவிடும் பொறியொன்று வந்து, கிழக்கு மதிலின் ஓரத்தில் அதனை வைத்திருந்தால் மூதாட்டி படலையடிக்கு வந்திருக்க மாட்டார். அந்த 18 கிலோவாற்று வெப்பம் மட்டும் அவருடைய தகரக்கூரையை நோக்கி நாள்தோறும் வீசியிருக்கும். இந்தச் சித்திரை சென்ற சித்திரையிலும் கொடியது என்று அவர் வெயிலையே நொந்திருப்பார்.