பலகை இல்லாத சைக்கிள்

சைக்கிளில் தொலைதூரம் போகிறவர்களை நம் சாலைகளில் அடிக்கடி பார்க்கலாம். கேரியருக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். மழைநீர் சேமிப்பு, உடல் உறுப்பு தானம், போதை ஒழிப்பு, உலக அமைதி. பலகை இல்லையென்றால் காவி வேட்டியும் ஒரு வேண்டுதலும் இருக்கும். இரண்டும் இல்லாமல், பணி ஓய்வு பெற்ற பெண் ஒருத்தி புதுக்கோட்டையிலிருந்து கன்னியாகுமரிக்கு மிதித்துப் போகப் போகிறாள் என்றால் தெருவுக்குக் கவலை வந்துவிடுகிறது.

"வேண்டுதலா சிஸ்டர்?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார்.

இல்லை என்றேன்.

"பின்னே எதுக்கு?"

இந்தக் கேள்வியோடுதான் சில மாதங்களாக உட்கார்ந்திருக்கிறேன்.

*

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். சைக்கிள் கற்றுக்கொண்டது 1991இல், எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்க நாட்களில். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அன்றைய புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் யோசனை. வயல் வேலை செய்கிறவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், எங்களைப் போன்ற செவிலியர்கள் என்று எல்லோரும் ஓட்டிப் பழகினோம், விழுந்து எழுந்தோம், சிரித்தோம். 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டையை ஒரு கலக்குக் கலக்கினார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது தட்டுப்பாடு. ஜென்ட்ஸ் சைக்கிளே மேல் என்று சொன்ன பெண்களும் உண்டு. நடுவிலிருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. என்னுடையதும் பார் வைத்ததுதான்.

அந்தச் சைக்கிள் வந்த பிறகு பஸ்ஸுக்காகக் காத்து நிற்பது குறைந்தது. "கொஞ்சம் கொண்டுபோய் விடேன்" என்று அண்ணன் தம்பியிடம் கெஞ்சுவது நின்றது. ஆனால் நாங்கள் மிதித்த ஒவ்வொரு மைலுக்கும் ஒரு வேலை இருந்தது. ஒருத்திக்குத் தண்ணீர்க் குடம், இன்னொருத்திக்குச் சந்தை மூட்டை. எனக்குப் புதன்கிழமைத் தடுப்பூசிப் பெட்டி. உள்ளே நான்கு ஐஸ் பைகள். மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். பழைய டியூபை நாடாவாக அறுத்து அந்தப் பெட்டியைக் கேரியரில் கட்டுவேன். வழியில் யார் நிறுத்தி "எங்க?" என்றாலும் பதில் கையில் இருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை என்ற பெயர் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேரை வீட்டை விட்டு வெளியே விட்டிருக்க மாட்டார்கள். இப்போது வேலை முடிந்துவிட்டது, சைக்கிள் இருக்கிறது. வேலையில்லாத ஒரு மைல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

*

போகப்போகிற வழி இது: அறந்தாங்கி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம். பிறகு கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி. பிறகு திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம், குமரி. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வரும்.

புதுக்கோட்டைத் தரை கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. மீமிசலுக்கு அப்பால் ஏறக்குறைய எல்லாமே சமதரை. இந்த வழியில் மேடு என்றால் அது எதிர்க்காற்றுதான்.

அதனால் நாள் பார்ப்பது காற்றைப் பார்ப்பதாக ஆகிவிட்டது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று. தெற்கே போகிறவளின் முகத்திலேயே அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தை பிறந்தால் மழை ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் வீசிக்கொண்டிருக்கும். ராமநாதபுரம் தாண்டியதும் சாலை தென்மேற்கே திரும்புகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று அப்போது நேராக முதுகில் கைவைக்கும். எல்லா நாளும் அப்படி அமையாது என்று தெரியும். ஆனாலும் தை என்று வைத்திருக்கிறேன்.

இதற்கு முன் காற்று எனக்குப் பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டுகிற தொந்தரவு, அவ்வளவுதான். இப்போது மொட்டைமாடிக் கொடியில் புடவை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறேன். காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம். காய்ந்த துணியை எடுக்கப் போய் அரை மணி நேரம் நின்றுவிடுகிறேன். அந்த அரை மணிக்கும் காரணம் எதுவும் கிடையாது.

*

கடைக்கார பாய்க்கு என் சைக்கிளை ரொம்ப காலமாகத் தெரியும். தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காதால்தான் பார்த்தார்.

"பால்ரஸ் போச்சு சிஸ்டர்."

முழுக்கக் கழற்றி ஓவராயில் செய்தார். ரிம்மில் கோட்டம் எடுத்தார். கம்பி ஒவ்வொன்றையும் சுண்டி, சத்தம் மட்டமாக இருந்ததை முறுக்கினார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். டியூபைத் தண்ணீர்த் தட்டில் அமுக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, சொல்யூஷன் தடவுவது. தடவியதும் ஒட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"காய விடுங்க சிஸ்டர். எல்லாரும் இங்கதான் அவசரப்படுவாங்க."

காயும் வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பாய் அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்க மாட்டேன் என்றார்.

மகன் கோயம்புத்தூரிலிருந்து கியர் சைக்கிள் அனுப்புகிறேன் என்கிறான். அது நல்ல சைக்கிளாகத்தான் இருக்கும். ஆனால் என் சக்கரத்தின் அளவு 28க்கு ஒன்றரை. இந்த வழியில் நடுத்தரமான எந்த ஊரில் நின்றாலும் அந்த டியூபும் அதைக் கழற்றத் தெரிந்த ஒருவரும் கிடைப்பார்கள். அயர்லாந்துக்காரர் டெர்வ்லா மர்ஃபி 1963 ஜனவரியில் இந்தியாவை நோக்கிச் சைக்கிளில் கிளம்பும் முன்பு, அதிலிருந்த மூன்று கியரையும் கழற்றிப் போட்டுவிட்டார். வழியிலிருக்கும் சாலைகளுக்கு அது தாங்காது என்பது அவர் கணக்கு. அவர் சுடக் கற்று ஒரு கைத்துப்பாக்கியும் எடுத்துக்கொண்டார். என்னிடம் ஒரு டார்ச், ஒரு விசில், பெண்களுக்கான 181 எண் இவைதான் இருக்கின்றன.

*

உடம்பைப் பற்றி. ஸ்பிரிங் வைத்த அகலமான மெத்தை சீட்டு கடைத்தெருவுக்குச் சரி. மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அந்த மெத்தைதான் தொடையை உரசிப் புண்ணாக்கும். இடுப்புக்கூட்டின் அடியில் நாம் உட்காருகிற எலும்புகள் இரண்டு. பாரம் அவற்றின்மேல் விழுந்தால் போதும். கெட்டியான சீட்டு மாற்றினேன். முதல் வாரம் அழுகை வந்தது, பிறகு பழகிவிட்டது. சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தியதும் முட்டிவலி பாதி குறைந்தது. பெடல் கீழே போகும்போது முழங்கால் கொஞ்சம் மட்டும் மடங்கியிருக்க வேண்டும். தரையில் கால் எட்ட வேண்டும் என்று தாழ்த்தி வைத்துக்கொண்டு, நம் பெண்கள் காலமெல்லாம் முட்டியைத் தேய்க்கிறார்கள்.

புடவை வேண்டாம், சுடிதார்தான். செயின் கவர் இருந்தாலும் காலோரத்தில் ஒரு ரப்பர் பேண்டு.

ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பிள்ளையின் வயிற்றுப்போக்குக்காக எத்தனையோ தாய்மார்களுக்கு வாசற்படியில் உட்கார்ந்து சொன்ன கணக்கு இது. எனக்காகக் கலக்கிக் குடித்ததில்லை. வெயிலில் குடித்துப் பார்த்தபோதுதான் குழந்தைகள் ஏன் முகத்தைச் சுளித்தன என்று புரிந்தது.

*

பழகுவதற்காகச் சித்தன்னவாசல் வரை போய் வருகிறேன். எல்லோரும் ஓவியம் பார்க்கப் போகிறார்கள். நான் பாறையில் ஏறி ஏழடிப்பாட்டத்துக்குப் போகிறேன். குகைத்தரையில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே கொஞ்சம் மேடாக விட்டிருக்கிறார்கள், அதுதான் தலையணை. ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்-பிராமி எழுத்து. கீழே வயலும் பொட்டலும் தூரத்துக்குத் தெரியும்.

அந்தப் படுக்கையின் வழவழப்பைப் பார்த்தபடி என் பையைப் பற்றி நினைத்தேன். இரண்டு சுடிதார், ஒரு போர்வை, மழைக்கோட்டு, மாத்திரை, பம்பு, ஸ்பேனர், டியூப், சார்ஜர். துறவிகளோடு ஒப்பிட்டு வெட்கப்பட வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அப்புறம் அது வீண் நாடகம் என்று பட்டது. அவர்கள் வீடு திரும்பத் தேவையில்லாதவர்கள். நான் திரும்பி வரப் போகிறவள். திரும்பி வருகிறவளுக்கு ஸ்பேனர் வேண்டும்.

ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கை தானாக எதையோ தேடுகிறது. போனை, பதிவேட்டை, கீரைக்கட்டை. கை தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேடி அலுத்து மடியில் வந்து விழுந்தது. பயணத்துக்கு இந்தப் பழக்கம் முட்டிப் பயிற்சியைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

*

ஒரு பெண்ணின் பயணத்துக்கு முக்கால் ஏற்பாடு அடுக்களையில் நடக்கிறது. கேஸ் எப்போது தீரும், புளி எந்த டப்பாவில், பால் கணக்கு யாரிடம். வீட்டுக்காரர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் தடவை வைத்தது மிளகுக் கஷாயம். இப்போது பரவாயில்லை, பெருங்காயத்தைக் கொஞ்சம் அடக்கினால் தேறிவிடுவார். "நீ போறதுக்குள்ள வத்தக்குழம்பும் வந்துரும்" என்கிறார். என்னைவிட அவர்தான் ஆர்வமாகத் தயாராகிறார் என்று சில சமயம் தோன்றுகிறது.

டெர்வ்லா மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு சைக்கிளும் ஒரு நிலப்படப் புத்தகமும் கிடைத்தன. சில நாளிலேயே, மிதித்துக்கொண்டே இருந்தால் இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று அந்தக் குழந்தை முடிவு செய்துகொண்டது. ஆனால் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டுவாதத்தில் முடங்கிய தாயைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்துவிட்டார். தந்தையும், 1962இல் தாயும் போன பிறகுதான் கிளம்பினார். அப்போது வயது 31. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1965இல் வந்தது. மலைகளையும் பனியையும் அதில் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அந்த இருபது வருடக் காத்திருப்புதான் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் தெருவில் அப்படிக் காத்திருக்கிற பெண்கள் பலர். வீட்டில் யாருக்கும் தேவைப்படாத நாள் வந்ததும் போவார்களாம். அந்த நாள் நல்ல நாளாக இருக்காது. வீடு நிறைய ஆள் இருக்கும்போதே, ரசம் கொதிக்கும்போதே போய்விட்டு வர வேண்டும் என்பது என் கட்சி.

*

மகன் போனில் சொன்னான். "பெண் குழந்தை பாதுகாப்புன்னு ஒரு போர்டு மாட்டிக்கம்மா. போலீஸ் ஹெல்ப் பண்ணுவாங்க, பேப்பர்ல போடுவாங்க, தங்க இடம் கிடைக்கும்."

அவன் சொல்வது உண்மை. பலகை இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும். நானும் சில இரவு யோசித்தேன். அந்த வாசகங்களை நான் மதிக்காதவள் இல்லை. சுவர் சுவராக எழுதியவள், வீடு வீடாகச் சொன்னவள். அதனால்தான் இந்த ஒரு முறை வேண்டாம் என்கிறேன். பலகை மாட்டிக்கொண்டால் இதுவும் ஒரு டூட்டி ஆகிவிடும். டீக்கடை பெஞ்சில் காலை முதல் உட்கார்ந்திருக்கும் ஆண்களை யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை. வேப்ப மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சும்மா கடலைப் பார்க்கிற ஒரு பெண்ணைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். "சும்மாதான்" என்று சொல்ல வீட்டுக் கண்ணாடி முன் பழகியிருக்கிறேன். சொல்லிவிட்டு விளக்கம் சேர்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். அது இன்னும் முழுசாக வரவில்லை.

*

ஏர்வாடிப் பக்கமும் சாயல்குடியிலும் உடன் படித்த செவிலியர்களின் வீடுகள் இருக்கின்றன. மற்ற இரவுகளுக்கு அறை வேண்டும். வழியிலுள்ள ஒரு ஊருக்குப் பஸ்ஸில் போய் விசாரித்தேன். கல்லாவில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "தனி லேடீஸுக்கு ரூம் தர்றதில்லைங்கம்மா. கூட யாராவது வந்தாங்கன்னா பார்க்கலாம்." பக்கத்து விடுதியிலும் அதே பதில். அப்படி ஒரு சட்டம் கிடையாது, வழக்கம்தான் அப்படி. இந்த ஏற்பாடுகளில் எதிர்க்காற்றும் முட்டியும் செய்யாத ஒன்றை அந்தப் பதில் செய்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் சைக்கிளைத் தொடவில்லை.

கடற்கரைச் சாலையில் விடுதி நடத்துகிற யாராவது இதைப் படித்தால், தை மாதத்துக்காக ஒரு வேண்டுகோள். ஆதார் அட்டை இருக்கிறது, முன்பணம் தருகிறேன். சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே வைக்க இடம் போதும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். தனியாக வருகிற பெண்ணுக்கு ஒரு அறை கொடுங்கள். எதற்காகப் போகிறாள் என்று கேட்காமல் கொடுங்கள்.