கயிறும் சுவரும்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும், தேசிய சேவையை முடித்துவிட்டு வந்த அவருடைய பழைய மாணவனும் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசியது.

சீடன்: ஐயா, நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் கில்லெஸ்பியைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். 1806 ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து வேலூருக்குக் குதிரைப்படையோடு பாய்ந்து போன கர்னல். படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது. செத்தவர்கள் நம் ஆட்கள் அல்லவா?

குரு: அதில் வெட்கம் எதற்கு? பகைவனின் வீரத்தைப் பாடக்கூடாது என்று நம் புறத்திணை எங்கும் சொல்லவில்லை. கோட்டையை முற்றுகிறவனுக்கு உழிஞைப் பூ, காக்கிறவனுக்கு நொச்சிப் பூ. ஆளுக்கொரு பூ உண்டு. எதைப் பாடுகிறோம் என்று தெரிந்து பாட வேண்டும், அவ்வளவுதான். அன்று நடந்ததைச் சொல்லு, பார்ப்போம்.

சீடன்: 1805 நவம்பரில் சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிராடக் ஓர் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும். மே மாதம் மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10, விடிவதற்கு முன்பே கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 69ஆம் படைப்பிரிவின் வெள்ளைக்காரர்கள் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டுக்குப் போனது. சுமார் 25 கிலோமீட்டர். கில்லெஸ்பி 19ஆம் லைட் டிராகூன் குதிரைப்படையோடு வந்தார், கதவைப் பீரங்கியால் பிளந்தார்கள், குதிரைகள் உள்ளே பாய்ந்தன. கோட்டை விழுந்தது.

குரு: ஒன்றை விட்டுவிட்டாய். பீரங்கி வந்து சேருவதற்கு முன் அவர் என்ன செய்தார்?

சீடன்: இருபது பேர் போலக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். மதில்மேல் 69ஆம் பிரிவில் மிஞ்சிய அறுபது பேர், தோட்டா தீர்ந்த நிலையில். அவர்கள் இறக்கிய கயிற்றைப் பிடித்து ஏறினார். அவர்களைப் பயனெட்டோடு நடத்தி, பின்னால் வரும் படை சேரும்வரை தாக்குப்பிடித்தார்.

குரு: ஆக, குதிரைப்படைத் தலைவர் அன்றைக்குக் காட்டிய பெரிய வீரம் குதிரையைவிட்டு இறங்கிக் காட்டியது! கயிற்றில் தொங்குகிறவனுக்கு யோசிக்க நேரம் உண்டு. சறுக்கி இறங்கிவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். மேலே போனால் உயிர் தங்குமா என்பது சந்தேகம். ஒவ்வொரு முழத்துக்கும் அவன் மறுபடி முடிவெடுக்க வேண்டும். பாய்ச்சலில் அது கிடையாது. கிராஞ்சியில் குதிரைப் பந்தயம் பார்த்திருக்கிறாயா?

சீடன்: கடைசிப் பந்தயத்துக்குப் போனேன், 2024 அக்டோபர் 5. திருப்பத்தில் வேலியை ஒட்டி நின்றேன். முதலில் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது, சத்தம் பிறகுதான் வந்தது. புல்லோடு பெயர்ந்த மண்கட்டிகள் பறந்தன. மூக்கு விடைத்து, குதிரைகள் இரைத்த இரைப்பு இன்னும் காதில் இருக்கிறது. முடிவுக்கோட்டைத் தாண்டியும் அவை நிற்கவில்லை. ஜாக்கிகள் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்தும், அடுத்த வளைவுவரை ஓடித்தான் அடங்கின.

குரு: அதுதான். ஐந்நூறு கிலோ மிருகம், பக்கத்துக் குதிரை ஓடுகிறதே என்று தானும் ஓடுகிறது. மேலே இருப்பவனுக்கு அந்த நேரத்தில் கேள்வி எழாது. குதிரைப்படையின் பலமே அங்கேதான் இருக்கிறது. எல்லாருடைய பயத்தையும் ஒரே திசையில் ஓட விடுவது. பாய்ச்சலைப் பாடுகிற கவிஞர்கள் வேகத்தைப் பாடிவிட்டு வீரத்தைப் பாடியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சீடன்: அப்படியானால் பாய்ச்சலில் செய்த கொலைக்குப் பொறுப்பும் கிடையாதா? யோசனை இல்லாத இடத்தில் புகழ் இல்லையென்றால் பழியும் இல்லையே.

குரு: நன்றாகத்தான் மடக்குகிறாய். சேணத்தில் ஏறி உட்காரும்போது யோசித்தான் அல்லவா? தன்னால் நிறுத்த முடியாத ஒன்றைத் தெரிந்தே தொடங்கியவன், அதற்குப் பொறுப்பாளிதான். ஆனால் உனக்காக அதைத் தள்ளி வைக்கிறேன். குதிரைகள் நின்ற பிறகு நடந்ததைச் சொல்லு.

சீடன்: கோட்டை அரண்மனையில் ஒளிந்த சிப்பாய்கள் நூறு பேர் போல. வெளியே இழுத்து வந்தார்கள். கோட்டைக்குள் பந்தாடுகிற சுவர் ஒன்று இருந்தது. அதன் அடியில் நிறுத்தி, கில்லெஸ்பியின் உத்தரவில் சிதறுகுண்டு போட்டுப் பீரங்கியால் சுட்டார்கள். விசாரணை இல்லை.

குரு: கதவைப் பிளந்த பிளாக்கிஸ்டன்தான் அதைப் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். ஏறக்குறைய பதற்றமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றதாக எழுதினார். நடந்தது நியாயமென்றும் எழுதினார்.

சீடன்: அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள் ஐயா. சிப்பாய்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளையும் விடவில்லை.

குரு: விடவில்லை. மறைக்காதே. நம் மேடைகளில் இதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நெற்றிக்குறியை அழிக்கச் சொன்னபோது கொதித்தவன் பக்கம் நியாயம் இருந்தது, காய்ச்சலில் கிடந்தவனைக் கொன்றதில் இல்லை. ஆனால் இது மளிகைக்கடைப் பற்றுவரவா, இதற்கு அது சரியாகப் போயிற்று என்று கோடு போட்டுக் கழிக்க? இரண்டு பாவமும் தனித்தனியே நிற்கும்.

சீடன்: பிளாக்கிஸ்டனின் அந்த அமைதியை, கீதை சொல்லும் சமநிலை என்று ஒருவர் வாதாடினால்?

குரு: தேர் எங்கே நின்றது என்று அவரைக் கேள். இரண்டு படைகளுக்கும் நடுவில். நிறுத்தச் சொன்னவன் அர்ஜுனன். எதிரே இருப்பவர்களை முகம் முகமாகப் பார்த்தான், வில்லைக் கீழே வைத்தான். கண்ணன் போரிடச் சொன்னது உண்மைதான், ஆனால் பதினெட்டு அத்தியாயம் கேள்வி கேட்கவும் விட்டான்! கலங்கிக் கேட்டவனுக்கு வருவது சமநிலை. நூறு பேரைச் சுவரடியில் பார்த்தும் கலங்காதவனுக்கு மனம் மரத்துப்போயிருக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்று ஒரு துறை உண்டு. தோற்று ஓடுகிறவன்மேல் வேலெறியாமல் நிற்பதைப் பாடுவது. அதை இரக்கத்தில் சேர்க்காமல் மறத்தில் சேர்த்தார்கள்.

சீடன்: நம் மன்னர்கள் அதன்படி நடந்தார்களா?

குரு: எங்கே நடந்தார்கள்? பகைவன் ஊரை எரித்ததையும் அதே இலக்கியம்தான் புகழ்கிறது. அளவுகோல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

சீடன்: என்னை உறுத்துவது வேறு. கில்லெஸ்பியோடு வந்தவர்களில் சென்னையின் 7ஆம் சுதேசிக் குதிரைப்படைக்காரர்களும் உண்டு. நானும் இரண்டு வருடம் உத்தரவுக்குக் கீழே நின்றவன். அந்தச் சுவரடியில் எனக்கு உத்தரவு வந்திருந்தால்?

குரு: நீதான் சொல்ல வேண்டும்.

சீடன்: மறுத்தால் என்னையும் அதே சுவரில் நிறுத்தியிருப்பார்கள்.

குரு: நிறுத்தியிருக்கலாம். அதனால்தான் மறுப்பதற்கு வீரம் வேண்டும். அந்த வீரம் கில்லெஸ்பியிடம் இருந்தது, கயிற்றில் பார்த்தோம். கோழை ஒருவன் அந்தச் சுவரடியில் சுடச் சொல்லியிருந்தால், பயத்தில் செய்தான் என்று விட்டிருப்பேன். இவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. செஞ்சோற்றுக்கடன் என்றும் சொல்லாதே. கர்ணன் எல்லாம் தெரிந்து, கண்ணனிடமே சொல்லிவிட்டுத்தான் துரியோதனன் பக்கம் நின்றான்.

சீடன்: இங்கேயும் ஒரு சுவர் உண்டு ஐயா. 1915இல் ஊட்ரம் சிறைக்கு வெளியே, 5ஆம் காலாட்படையில் எழுந்த இந்தியச் சிப்பாய்கள் 47 பேரைக் கூட்டம் பார்க்கச் சுட்டார்கள்.

குரு: ராணுவ நீதிமன்றம் வைத்துவிட்டுச் சுட்டார்கள். வேலூரிலும் பிறகு விசாரணை நடந்தது. ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், ஐந்து பேரைச் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். அதை நீதி என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. ஆனாலும் விசாரணையில் ஒருவனுடைய பெயரையாவது கேட்பார்கள். பந்துச்சுவரடியில் அதுவும் இல்லை.

சீடன்: அப்படியானால் கில்லெஸ்பியை எப்படித்தான் எழுதுவது?

குரு: கயிற்றில் ஏறியவரை வீரர் என்று எழுது. சுவரடியில் நடந்ததைக் கொலை என்று எழுது. இரண்டும் ஒரே ஆள், ஒரே நாள். ஒன்றைச் சொல்லி மற்றதை மழுப்புகிறவன் ஆங்கிலேயனாக இருந்தாலும் தமிழனாக இருந்தாலும் பாதிதான் எழுதுகிறான்.

சீடன்: பிறகு அவர் என்ன ஆனார்?

குரு: கிழக்கிந்தியக் கம்பெனி 7,000 வராகன் வெகுமதி கொடுத்தது. 1811இல் ஜாவாவைப் பிடிக்கப் போனார். நம் ராஃபிள்ஸோடு அங்கேதான் சண்டை போட்டுக்கொண்டார். 1814 அக்டோபரில் டேராடூன் பக்கம் நாலாபானி மலைக்கோட்டையைத் தாக்கும்போது கூர்க்காக்கள் சுட்டு இறந்தார். அவர் பிறந்த கோம்பர் ஊரில், வட அயர்லாந்தில், தூண்மேல் சிலை நிற்கிறது. வேலூரில் எழுந்த மூன்று பட்டாளங்களையும் கலைத்துவிட்டார்கள். கிராடக்கையும் ஆளுநர் பென்டிங்கையும் 1807இல் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. தலைப்பாகை உத்தரவு ரத்தாகிவிட்டது.