கணிப்பொறியின் ஆலோசனையும் மேலாளரின் ஆணையும்

தொழில் நிறுவனம் ஒன்றை நடத்துகின்றவர் நாள்தோறும் எடுக்கும் முடிவுகள் பலவகைப்பட்டவை. கிடங்கில் சரக்கு எவ்வளவு உள்ளது, இன்னும் எவ்வளவு வாங்குவது என்பது ஒருவகை. எந்தக் கிளையை மூடுவது, யாருக்குக் கடன் கொடுப்பது, எந்த ஊழியரை நம்புவது என்பன வேறுவகை. இவை எல்லாவற்றிலும் இன்று கணிப்பொறி அவர் அருகில் அமர்ந்திருக்கிறது. விற்பனையைக் கூட்டிக் காட்டுகிறது. அடுத்த மாதம் எப்படியிருக்கும் என்று கணித்துச் சொல்கிறது. ஐயத்திற்குரிய பெயர்களைத் தனியே பிரித்துக் கொடுக்கிறது. இவ்வுதவி வேண்டுமா வேண்டாவா என்று வாதிடுவதில் பயனில்லை. அது வந்துவிட்டது, பெரும்பாலும் நன்மையே செய்கிறது. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. கணிப்பொறி காட்டியபடி ஒரு மேலாளர் செய்கிறார். அதனால் குற்றமற்ற ஒருவர் அழிகிறார். அப்போது அந்த முடிவை எடுத்தவர் யார்?

முடிவெடுத்தலைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். 1978ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். மனித அறிவு எல்லைக்கு உட்பட்டது. எல்லா வழிகளையும் ஆராய்ந்து மிகச் சிறந்ததைத் தேர்வதற்கு நமக்கு நேரமும் இல்லை, ஆற்றலும் இல்லை. ஆகவே போதுமான அளவுக்கு நல்லதாகத் தோன்றும் ஒன்றைக் கண்டவுடன் நின்றுவிடுகிறோம் என்பது அவர் கண்டது. சிக்கலைக் கண்டறிதல், வழிகளை வகுத்தல், அவற்றுள் ஒன்றைத் தேர்தல் என்று முடிவெடுத்தலை அவர் மூன்று படிகளாகப் பிரித்தார். 1971இல் கோரி, ஸ்காட் மார்ட்டன் என்னும் இருவர், நிர்வாகிகளின் முடிவுகளுக்குத் துணைசெய்யும் கணிப்பொறி அமைப்புகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினர். விதிமுறைக்குள் முற்றிலும் அடங்கும் முடிவுகளை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். அடங்காதவற்றில் மனிதரின் தீர்ப்புக்கு இயந்திரம் துணைநிற்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. துணை என்ற அச்சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

ஏனெனில் அதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாரிசு நகரில் அமர்ந்து தம் இறையியல் பெருநூலின் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்த புனித அக்குவினாஸ் தோமையார், இதே பொருளை வேறு பெயரில் ஆராய்ந்தார். பழைய ஞானோபதேச நூல்கள் விவேகம் என்றும், இன்றைய நூல்கள் முன்மதி என்றும் குறிக்கும் நற்பண்பைப் பற்றிய பகுதி அது. முன்மதிக்கு மூன்று செயல்கள் உண்டு என்கிறார் அவர். வழிகளைத் தேடி ஆராய்வது முதலாவது. கண்டவற்றைச் சீர்தூக்கித் தீர்ப்பது இரண்டாவது. தீர்த்ததைச் செயலாக்குமாறு ஆணையிடுவது மூன்றாவது. சைமன் வகுத்த படிகள் தேர்வில் வந்து நிற்க, தோமையாரோ அதையும் தாண்டி ஆணையில் வந்து நிற்கிறார். ஆணையே முன்மதியின் தலையாய செயல் என்கிறார். ஆலோசனையையும் தீர்ப்பையும் அறிவு தனித்து நின்று செய்யலாம். ஆணையிடும்போதுதான் ஒருவர் உலகில் எதையோ மாற்றுகிறார். மாற்றியதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. நம் வள்ளுவரும் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமும், தெரிந்து வினையாடலுக்கு அடுத்த அதிகாரமும் வகுத்தது காரணமின்றி அன்று.

இக்கருத்தை வெறும் கருத்தாக விட்டுவிடாமல், நடந்த செய்திகளோடு பொருத்திப் பார்ப்போம். வணிகப் பணிக்கென்றே அமைக்கப்பட்ட உலகின் முதல் கணிப்பொறியை உருவாக்கியது தேநீரும் கேக்கும் விற்ற ஓர் ஆங்கிலேய நிறுவனம் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். ஜே. லயன்ஸ் என்னும் அந்நிறுவனம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணிப்பொறியை முன்மாதிரியாகக் கொண்டு, 'லியோ' என்ற பொறியை அமைத்து, 1951இல் தன் ரொட்டி ஆலைகளின் கணக்கை அதில் போடத் தொடங்கியது. 1954இல் அதனிடம் இன்னும் கடினமான வேலை ஒன்று ஒப்படைக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட தேநீர்க் கடைகளுக்கு மறுநாள் என்னென்ன பண்டம் எவ்வளவு அனுப்புவது என்று கணக்கிடும் வேலை அது.

இதை அவர்கள் செய்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வழக்கமான அளவு ஒன்று பொறியில் பதிந்திருக்கும். ஆனால் நாள்தோறும் தலைமையகத்திலிருந்து ஒரு எழுத்தர் ஒவ்வொரு கடைக்கும் தொலைபேசியில் பேசுவார். கடையை நடத்தும் பெண்மணி, வழக்கத்திலிருந்து மாற வேண்டியதை மட்டும் சொல்வார். நாளை வெயில் அடிக்கும் போலிருக்கிறது, பக்கத்தில் விழா நடக்கிறது, நேற்று அனுப்பிய பலகாரம் விலைபோகவில்லை என்பன அவருக்கல்லவா தெரியும்! அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் அதை அட்டையில் துளையிட்டுப் பதிவார். அதன்பின் பொறி, ஆலை எவ்வளவு சுட வேண்டும், எந்த வண்டியில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டு முடிக்கும். கூட்டலும் பெருக்கலும் பொறியிடம். இடமும் காலமும் அறிந்த தீர்ப்பு கடைக்காரப் பெண்மணியிடம். கேட்பதற்கென்றே ஒரு தொலைபேசி அமைப்புக்குள் வைக்கப்பட்டிருந்தது.

இங்கு ஒரு தடை எழலாம். மனிதரின் தீர்ப்பு அவ்வளவு உயர்ந்ததா? விருப்பு வெறுப்பு, சாதிப் பற்று, உறவுப் பற்று, களைப்பு என்று எத்தனையோ மாசுகள் அதில் படிந்துள்ளன. எண்ணுக்கு இவை எதுவும் இல்லை. இத்தடையை எளிதில் தள்ளிவிட முடியாது. தேநீர்க் கடைக் கணக்கு தொடங்கிய அதே 1954இல், பால் மீல் என்ற அமெரிக்க உளவியலறிஞர் வெளியிட்ட சிறுநூல் ஒன்று, பயிற்சி பெற்ற வல்லுநரின் கணிப்பையும் எளிய புள்ளியியல் சூத்திரத்தின் கணிப்பையும் ஒப்பிட்ட ஏறத்தாழ இருபது ஆய்வுகளை எடைபோட்டது. சூத்திரம் பெரும்பாலும் வல்லுநருக்கு இணையாகவோ மேலாகவோ நின்றது. நம்மைப் போன்று மனிதரை எடைபோடும் பணியில் இருப்போர் அடக்கத்தோடு ஏற்க வேண்டிய செய்தி இது. ஆனால் அதே மீல் ஓர் எடுத்துக்காட்டையும் தந்தார். ஒருவர் இன்றிரவு திரைப்படம் பார்க்கப் போவார் என்று சூத்திரம் உறுதியாகச் சொல்கிறது. ஆனால் அவருடைய கால் முறிந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். அப்போது சூத்திரத்தை ஒதுக்கிவைப்பதே அறிவுடைமை. ஆகவே இரண்டாம் செயலாகிய தீர்ப்பில்கூட இயந்திரத்துக்கு நாம் பெரிய பங்கு தரலாம். முறிந்த காலைப் பற்றிச் சொல்ல வருபவருக்கு வாசல் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

அந்த வாசல் அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தின் வரலாறு காட்டுகிறது. லியோவை உருவாக்கிய தொழில் கைமாறிக் கைமாறி, 1968இல் ஐசிஎல் என்னும் நிறுவனத்தில் கலந்தது. அந்த ஐசிஎல் பின்னர் ஜப்பானின் ஃபுஜித்சுவுக்குச் சொந்தமாயிற்று. அஞ்சலகங்களுக்காக 'ஹொரைசன்' என்னும் கணக்கு அமைப்பை ஆக்கியதும் இவ்வழி வந்த நிறுவனமே. 1999இலிருந்து அது கிளைதோறும் நிறுவப்பட்டது. கிளை அஞ்சலகங்களை நடத்தியோர் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். ஒப்பந்தப்படி கணக்கில் விழும் துண்டை அவர்களே ஈடுகட்ட வேண்டும். திரையில் காரணமின்றிப் பற்றாக்குறை தோன்றத் தொடங்கியது. அவர்களுக்கும் ஒரு தொலைபேசி இருந்தது. ஆனால் இம்முறை அழைத்தவர்கள் கிளையில் இருந்தவர்கள். வேறெவருக்கும் இத்தகைய தொல்லை இல்லை என்றே தங்களிடம் சொல்லப்பட்டதாகப் பலர் பின்னாளில் சாட்சியம் அளித்தனர். சிலர் சேமிப்பைக் கரைத்தனர். சிலர் வீட்டை அடகு வைத்தனர். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே.

அமைப்பில் பிழை உண்டு என்பது எவருக்கும் தெரியாமல் இல்லை. பிழைகளைக் குறித்துவைத்த பதிவேடுகள் ஃபுஜித்சுவிடம் இருந்தன. நிறுவனமே அமர்த்திய தடயக் கணக்காய்வாளர்கள் 2013இல் தந்த இடைக்கால அறிக்கை பிழைகளைச் சுட்டியது. 2015இல் அவர்களுடைய பணி முடித்துவைக்கப்பட்டது. ஆலன் பேட்ஸ் என்னும் கிளை நடத்துநரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், ஹொரைசனில் பிழைகளும் குறைகளும் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில்தான் தீர்ப்பளித்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது. இத்துயரத்தின் காரணமாக 13 பேரேனும் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதல் தொகுதி கூறுகிறது.

இங்குத் தவறியது எது? பொறி தவறியது, உண்மைதான். ஆனால் பொறி எவரையும் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு தொகையைத் திரையில் காட்டியதோடு அதன் வேலை முடிந்தது. வழக்குத் தொடு என்ற ஆணையை ஒவ்வொரு முறையும் பெயரும் பதவியும் உடைய ஒரு மனிதர் இட்டார். தோமையார், முன்மதிக்கு மாறான தீமைகளுள் சிந்தனையின்மை என்பதையும் ஒன்றாக எண்ணுகிறார். சரியான தீர்ப்புக்கு அடிப்படையானவற்றைப் பொருட்படுத்தாமலோ புறக்கணித்தோ விடுவதே அதன் இயல்பு. அறியாமை வேறு, இது வேறு. கேட்டிருக்கக் கூடியதைக் கேளாமல் விடுவது மனச்சான்றின் முன் குற்றமே. முன்மதியின் உறுப்புகளுள், பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவையும் அவர் சேர்க்கிறார். மூத்தோருக்கும் தலைவர்களுக்கும்கூட அப்பணிவு தேவை என்கிறார். தனி நிகழ்வுகள் எண்ணிறந்தவை. எவர் ஒருவராலும் அவற்றையெல்லாம் தாமே கண்டுவிட இயலாது என்பது அவர் காட்டும் காரணம். சைமனும் இதைத்தான் வேறு வழியில் வந்து கண்டார்.

சட்டமும் இதில் ஒரு பங்கு ஏற்க வேண்டும். கணிப்பொறி தரும் சான்றை நீதிமன்றத்தில் வைப்போர், பொறி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்ற விதி 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. ஹொரைசன் நிறுவப்படத் தொடங்கிய அதே 1999இல் அவ்விதியை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின், மறுப்புச் சான்று இல்லாதவரை பொறி சரியாகவே இயங்கியது என்று கொள்ளப்பட்டது. மறுக்க வேண்டியவர் ஒரு சிற்றூர்க் கடைக்காரர். மறுப்பதற்குரிய பதிவேடுகளோ பொறியை ஆக்கியவரிடம்.

மேலாளர்கள் மீது எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான கிளைகளை உடைய ஒருவர் ஒவ்வொருவரின் குரலையும் தாமே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சுருக்கிக் காட்டும் கருவி அவருக்கு வேண்டும். ஆனால் சுருக்கும்போது விடுபடுவது எது என்று கேட்பது அவருக்குரிய கடமை. இதை அவருக்காக எந்த அமைப்பும் கேட்காது. அஞ்சல் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி 2024 மே மாதத்தில் விசாரணை ஆணையத்தின் முன் அமர்ந்தபோது, தாம் அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகச் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஊராருக்கு ஓய்வூதியத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவந்த நூற்றுக்கணக்கான கிளை நடத்துநர்களும் அதே ஆண்டுகளில் அந்நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டும் கடிதம் எழுதிக்கொண்டும்தான் இருந்தார்கள். அவர்களை நம்ப எவரும் முன்வரவில்லை.